பிழைச்செய்தியில் பேசுவது யார்?

ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் தொடுதிரை ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டுக்கு அடியில், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப் பகுதியாக இருப்பது லினக்ஸ் கர்னல். விரல் எங்கே பட்டது, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையெல்லாம் வண்டியின் கணினிக்குச் சொல்ல ஒவ்வொரு சிப்புக்கும் டிரைவர் என்ற நிரல் எழுதியாக வேண்டும். 1980-இல் இதே ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்தபோது வண்டிக்குள் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை தரக்கூடிய கலைகளில் டிரைவர் எழுதுவதும் ஒன்று.

அதைக் கற்கத் தொடங்குபவர் முதலில் எழுதுவது ஒரு கர்னல் மாட்யூல். இயந்திரத்தை நிறுத்தாமலே கர்னலோடு சேர்க்கவும் கழற்றவும் முடிகிற துண்டு நிரல் அது. முதல் மாட்யூல் 'ஹலோ' என்று ஒரு வரி சொல்லும், அவ்வளவுதான். அதைக் கட்டுவதற்கு மேக்ஃபைல் என்று இன்னொரு கோப்பு வேண்டும். நாலைந்து வரிதான் இருக்கும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிப்பவராக இருந்தாலும், பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியின் பாஸ் லினக்ஸில் ஆர்வத்தோடு தட்டிப் பார்த்தவராக இருந்தாலும், பலர் மலைத்து நிற்பது சி மொழியிடம் அல்ல, இந்த நாலைந்து வரியிடம்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிழை வரும்போது திரையில் பேசுவது ஒருவர் அல்ல. மேக்ஃபைலை வாசித்து இயக்கும் மேக் பேசும், ஜிசிசி கம்பைலர் பேசும், கடைசியில் மாட்யூலைச் சரிபார்க்கும் மோட்போஸ்ட் பேசும். கட்டி முடித்த பிறகு கர்னலே பேசும். பேசுவது யார் என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் கடைசி வரியைப் பார்த்துக் கலங்குகிறார்கள். 'எரர் 2' என்று முடியும் அந்த வரி, கீழே யாரோ தோற்றார்கள் என்று மேக் மேலே அனுப்பும் தகவல் மட்டுமே. காரணம் அதற்கு வெகு மேலே, முதல் பிழை வரியில் இருக்கும்.

மேக் என்ற கருவி பிறந்தது 1976-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். ஸ்டீவ் ஜான்சன் என்பவர் சரியாகத் திருத்திவிட்ட நிரலையே ஒரு காலைப் பொழுது முழுக்கத் துருவிக்கொண்டிருந்தார். திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாமல் பழையதே ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அவருடைய சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் வார இறுதியில் உட்கார்ந்து மேக்கை எழுதினார். எந்தக் கோப்பு மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி கட்டும் கருவி. கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று அவசரத்தில் ஒரு விதி வைத்தார். சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கோப்புகள் கெட வேண்டாம் என்று விதியை அப்படியே விட்டுவிட்டார். அதே மேக்குக்காக 2003-இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் வசதிக்கு உலகம் இன்றுவரை விலை கொடுக்கிறது.

'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற செய்தி அந்த விலைதான். பிடிஎஃப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ மேக்ஃபைலை நகலெடுத்தால் டேப் போய் இடைவெளிகள் வந்து உட்காரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'கேட்' கட்டளையைப் பெரிய 'ஏ' தெரிவோடு ஓட்டினால், டேப் இருக்குமிடத்தில் தொப்பிக்குறியும் ஆங்கில 'ஐ' எழுத்தும் தெரியும். வெறும் இடைவெளி என்றால் எதுவும் தெரியாது. அந்த வரியை அழித்து டேப் விசையை அழுத்தி மறுபடி தட்டச்சு செய்தால் போதும்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது, நின்று புரிந்துகொள்ள வேண்டியது. கர்னல் மாட்யூலை நம் கோப்புறையில் இருந்தபடியே தனியாகக் கட்ட முடியாது. சிப்காட்டில் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறை, பெரிய ஆலை தரும் ட்ராயிங் இல்லாமல் உதிரிபாகம் கடைய முடியாது அல்லவா? ஹெடர் கோப்புகள்தான் கர்னல் தரும் ட்ராயிங். அதனால் நம் மேக்ஃபைல் இரண்டு முறை வாசிக்கப்படுகிறது. முதல் முறை நாம் 'மேக்' என்று தட்டும்போது. அது கர்னலின் கட்டுமானக் கோப்புறைக்குப் போய் அங்குள்ள மேக்ஃபைலை இயக்கும். அந்தக் கர்னல் மேக்ஃபைல் திரும்பி வந்து நம் கோப்பை இரண்டாம் முறை வாசித்து, 'ஆப்ஜ்-எம்' என்ற வரியில் எந்த மாட்யூலைக் கட்ட வேண்டும் என்று பார்க்கும். அந்த ஒரு வரி நமக்கான கட்டளையே அல்ல, கர்னலுக்கு நாம் எழுதி வைக்கும் குறிப்பு.

இது புரிந்தால் பல விசித்திரங்கள் விளங்கும். மேக்ஃபைலின் பெயரை எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில் வைத்தால் முதல் வாசிப்பு நடந்துவிடும். இரண்டாம் வாசிப்பில் கர்னல் பெரிய 'எம்'மில் தொடங்கும் பெயரையோ 'கேபில்ட்' என்ற பெயரையோ மட்டும் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' போட்டு மேக்கை ஓட்டினால், கோப்புறைப் பாதையைச் சுமக்கும் 'பிடபிள்யூடி' மாறி காலியாகப் போகலாம். அப்போது கர்னல் திரும்பி வர முகவரி இருக்காது. மாட்யூலைக் கட்ட சூடோ வேண்டியதில்லை, ஏற்றுவதற்கு மட்டும்தான் வேண்டும். மேக் தானே நிரப்பும் 'கர்டிர்' மாறியைப் பயன்படுத்துவது நல்லது. கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தாலும் தகராறுதான்.

கர்னலின் கட்டுமானக் கோப்புறையான 'பில்ட்' இல்லவே இல்லை என்று செய்தி வந்தால் ஹெடர் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். அல்லது கணினியைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல், ஓடும் கர்னல் ஒன்று, ஹெடர் இன்னொன்று என்று இருக்கும். 'யூநேம்' கட்டளை காட்டும் பதிப்புக்கே ஹெடரை நிறுவ வேண்டும். 'ஹலோ.ஓ'வைக் கட்ட விதி இல்லை என்றால் சி கோப்பின் பெயரையும் ஆப்ஜ்-எம் வரியையும் ஒப்பிடுங்கள், ஓர் எழுத்து பிசகியிருக்கும். மாட்யூலின் உரிமத்தைச் சொல்லும் வரியை சி கோப்பில் விட்டிருந்தால் மோட்போஸ்ட் பெயர் சொல்லியே கேட்கும்.

பிழையை வாசிப்பதே பாடம் என்பதால், ஆய்வகக் குறிப்பேட்டில் சரியான வெளியீட்டை மட்டும் ஒட்டச் சொல்லும் வழக்கத்தை நம் கல்லூரிகள் விட வேண்டும். வந்த பிழை, பேசியவர் யார், எப்படித் தீர்ந்தது என்று மூன்று வரி எழுதச் சொன்னால் மாணவர் கற்றது தெரியும். முதல் மாட்யூலை மெய்நிகர் கணினியில் ஓட்டச் சொல்வதும் அவசியம். கர்னலுக்குள் செய்யும் தவறு முழு இயந்திரத்தையும் உறைய வைக்கக்கூடும்.

எல்லாம் கட்டி முடித்து மாட்யூலை ஏற்றும்போது 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று வந்தால் பேசுவது கர்னல், மேக் அல்ல. கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையில் பதிப்பு முரண்பாடு தெரியும். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வந்தால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, கையொப்பமில்லாத மாட்யூலை மறுக்கிறது. மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டும், இல்லையேல் பயிற்சிக் கணினியில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். இரண்டிலுமே மேக்ஃபைலில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை.