ஆழமற்ற நீரில் நகரும் ஏரா: ‘லேடி நெல்சன்’ கப்பலை முன்வைத்து

முன்னுரை

பாய்மரக் கலத்தின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதன்மை மரம் ஏரா எனப்படும். கலத்தின் உடலைத் தாங்குவதோடு, காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்வதைத் தடுப்பதும் இதன் பணியாகும். ஏரா ஆழமாக அமைந்தால் கலம் எதிர்காற்றிலும் சாய்வாக முன்னேறும். ஆனால் மணல்திட்டுகளிடையே தரைதட்டும். ஆழம் குறைந்தால் தரைதட்டாது. ஆனால் காற்றின் போக்கில் ஒதுங்கும். இம்முரணுக்குத் தீர்வாக எழுந்ததே நகரும் ஏரா. அதன் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வகைகள்

நெதர்லாந்தின் தட்டையடிக் கலங்கள் இருபுறமும் தொங்கும் பக்கப்பலகைகளைக் கொண்டிருந்தன. காற்று வீசும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்துப் பலகையையே நீரில் இறக்குவர். இரண்டாம் வகை, கலத்தின் நடுவே உள்ள கூட்டினுள் செங்குத்தாக ஏறியிறங்கும் பலகை. மூன்றாவது, அச்சில் சுழன்று இறங்கும் பலகை.

லேடி நெல்சன்

பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜான் ஷாங்க் 1774இல் பாஸ்டனில் செங்குத்து ஏரா கொண்ட படகொன்றைக் கட்டினார். அவரது முறைப்படி 1798இல் உருவான 60 டன் கப்பலே லேடி நெல்சன். இதில் மூன்று நகரும் ஏராக்கள் இருந்தன. ஆஸ்திரேலியக் கரையோர ஆய்வுக்கு அனுப்பப்பட்ட இக்கப்பல், ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் 1800 டிசம்பரில் பாஸ் நீரிணையை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தது. 1802 பிப்ரவரியில் ஜான் முர்ரே தலைமையில், இன்று மெல்பர்ன் நகரம் அமைந்துள்ள போர்ட் பிலிப் விரிகுடாவினுள் நுழைந்தது. பெருங்கப்பல்கள் தயங்கும் கரையோரங்களை அணுகுவதற்கு இதன் குறைந்த ஆழம் துணைநின்றது.

வரம்புகள்

அதே ஆண்டில் மேத்யூ பிளிண்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலுக்குத் துணையாகப் பெரும் பவளத்திட்டுப் பகுதிக்குச் சென்றபோது லேடி நெல்சன் தன் ஏராக்களை இழந்தும் சேதமுற்றும் தவித்தது. அவையின்றி எதிர்காற்றில் முன்னேற இயலாமையால் அக்டோபரில் சிட்னிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. செங்குத்துப் பலகை தரையில் மோதினால் விலகிக்கொடுக்காது. வளையும் அல்லது முறியும். அச்சில் சுழலும் பலகையோ மோதலின்போது பின்னோக்கிச் சாய்ந்து தானே மேலெழும். இவ்வகைக்கு அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ஸ்வைன் சகோதரர்கள் 1811இல் காப்புரிமை பெற்றனர். எனினும் பலகைக்கூடு கலத்தின் நடு இடத்தை அடைப்பதும், அதன் பொருத்துகளில் நீர் கசிவதும் இரு வகைக்கும் பொதுவான குறைகளாம்.

முடிவுரை

நகரும் ஏரா ஆழத்தைத் துறக்கவில்லை; வேண்டும்போது மட்டும் அதனைக் கொள்ளும் உரிமையை மாலுமிக்கு அளித்தது. கலத்தைக் கரைக்கு அருகே கொண்டுசென்ற அவ்வுறுப்பே முதலில் உடையும் உறுப்பாகவும் இருந்தது. எனவே அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதோடு, மோதலை எவ்வாறு ஏற்கிறது என்பதும் இவ்வமைப்பின் தகுதியை அளக்கும் அளவுகோலாகும்.