103 ஆண்டு தாமதமாக வந்த ரயில்!

குட்டீஸ், ரயில் அரை மணி நேரம் லேட்டா வந்தாலே நமக்குக் கோபம் வரும், இல்லையா? ஓர் ஊருக்கு 103 வருஷம் லேட்டா ரயில் வந்த கதை தெரியுமா?

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-ஆம் ஆண்டு. அங்கிருந்து நாகர்கோவில் எழுபத்து சொச்சம் கிலோ மீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடந்து ரயில் உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை! நாகர்கோவில்காரர்கள் சென்னைக்குப் போவதென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்சில் திருநெல்வேலி போய்த்தான் ரயில் ஏறினார்கள். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி பாதையில் முதல் ரயில் ஓடியது 1979 ஏப்ரலில். திருநெல்வேலியோடு இணைப்பு கிடைத்தது 1981 ஏப்ரலில்.

உங்களுக்காகப் பாட்டுகள் எழுதினாரே, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, அவர் பிறந்ததும் 1876-இல்தான். ஊர், நாகர்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள தேரூர். அவர் 1954-இல் மறைந்தார். தன் ஊர்ப் பக்கம் ரயில் போவதை ஒரு நாளும் அவர் பார்க்கவில்லை.

ஏன் இத்தனை தாமதம்? அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. திருவிதாங்கூரின் கடைக்கோடி, சென்னைக்கும் கடைக்கோடி. கடைசி பெஞ்சு மாணவன் கையைத் தூக்கினாலும் டீச்சர் கண்ணில் படாதது போலத்தான்!

வேறு வழியும் யோசித்துப் பார்த்தார்கள். 1860-இல் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகிலேயே இணைக்க கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். அதன் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். சாமி பெயர், இங்கிலாந்து ராணி பெயர், மகாராஜா பெயர் மூன்றையும் சேர்த்து வைத்தார்கள். பெயர் முழுசாக இருந்தது. கால்வாய்தான் பாதியில் நின்றுவிட்டது. கன்னியாகுமரி வரை வரவேயில்லை.

எதிரும் புதிரும்

சரி, ரயில் வந்துவிட்டது. பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை. போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஒரே பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும்? அதனால் ஒரு ரயிலை ஸ்டேஷனில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, மற்றதை விடுவார்கள். "கிராஸிங்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். எவ்வளவு வேகமான என்ஜின் வாங்கிப் போட்டாலும், ஓரத்தில் நிற்கும் நேரம் குறையாது. கூடுதல் ரயில் விடவும் இடமிருக்காது.

அதற்காகத்தான் பக்கத்திலேயே இன்னொரு தண்டவாளம் போட்டார்கள். வாஞ்சி மணியாச்சியில் இருந்து நாகர்கோவில் வரை சுமார் 102 கி.மீ. இரட்டைப் பாதை வேலை 2024-இல் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் சென்னை எழும்பூர், நாகர்கோவில் வந்தே பாரத் ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 9 மணி நேரப் பயணம். பெட்டியோடு பஸ் ஏறிய அந்தக் காலத்துத் தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதைச் சொல்லிப் பாருங்கள். "மக்களே, நாங்க அன்னைக்குப் பட்ட பாடு..." என்று ஆரம்பித்துவிடுவார். முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்!

எங்கே போடுவது?

ரோடும் ரயிலும் பெரிதாவது நல்லதுதான். ஆனால் எதன் மேல் போடுவது?

கன்னியாகுமரி மாவட்டம் ரொம்பச் சின்னது. பரப்பு 1,672 சதுர கிலோ மீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 1,100 பேருக்கு மேல்! தமிழ்நாட்டின் சராசரியே 555-தான். ஒரு பக்கம் மலை, மூன்று பக்கம் கடல் என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு இல்லை, ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இடம்தான். அதில் வீடு, தென்னந்தோப்பு, வாழை, வயல்... அப்புறம் குளங்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள்!

இந்தக் குளங்கள் தனித்தனி ஆள் இல்லை. கையைக் கோத்துக்கொண்டு நிற்பவை. மேலே உள்ள குளம் நிரம்பினால், மறுகால் வழியாகத் தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. நடுநடுவே மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவார்கள். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, பழையாறு எல்லாம் சேர்ந்து இந்தச் சங்கிலியை நிரப்புகின்றன. "நாஞ்சில்" என்றாலே கலப்பைதான், குட்டீஸ். கலப்பைக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தத் தண்ணீர்.

பஸ் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். ரயிலால் முடியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். 100 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம் என்பதே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் மேட்டை வெட்ட வேண்டும், பள்ளத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்ப வேண்டும். வேகமாகப் போகும் நான்கு வழிச் சாலைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஒரு கணக்குப் போடலாமா? கரையின் உயரம் 5 மீட்டர், உச்சியில் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மண் சரியாமல் நிற்க இரண்டு பக்கமும் சரிவு வேண்டும். 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் சரிவு என்றால், அடியில் அகலம் 27 மீட்டர் ஆகிவிடும்! ஒரு கிலோ மீட்டருக்கு 85 ஆயிரம் கன மீட்டர் மண் தேவை. ஒரு டிப்பர் லாரியில் 10 கன மீட்டர் ஏற்றினால் 8,500 லோடு. அடேங்கப்பா! அந்த மண்ணை எங்கே தோண்டுவது? தோண்டிய இடம் என்ன ஆகும்?

இது வெறும் நோட்டுக் கணக்கு இல்லை. கேரள எல்லையில் இருந்து கன்னியாகுமரி வரையும், நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு வரையும் சுமார் 70 கி.மீ. நான்கு வழிச் சாலை போடத் திட்டமிட்டார்கள். வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. மண் கிடைக்காமல் நின்றது ஒரு காரணம். புதிய சாலை குளங்களுக்குக் குறுக்கே வந்தது இன்னொரு காரணம். "குளத்தில் மண்ணைக் கொட்டாதே" என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். வழக்கும் நடந்தது.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. குளத்தின் நடுவே மண் கரை போட்டால் குளம் இரண்டு துண்டாகும். தண்ணீர் வரும் பக்கம் ஒரு துண்டு, மடை இருக்கும் பக்கம் இன்னொரு துண்டு. இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் வறட்சி! ஒரு குளம் கெட்டால் அதற்குக் கீழே கைகோத்து நிற்கும் குளங்களும் காயும்.

இதற்கு வழி உண்டு. மண் கரைக்குப் பதிலாகத் தூண் நிறுத்திப் பாலமாகக் கொண்டு போகலாம். அடியில் தண்ணீர் பாட்டுக்குப் போகும். மார்த்தாண்டத்தில் கடைத்தெருவுக்கு மேலே சுமார் இரண்டரை கி.மீ. நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் இருக்கிறதே, 2019-இல் அர்ப்பணித்தது, கீழே கடைகள் அப்படியே இருக்கின்றன அல்லவா? கடைக்கு முடிந்தது குளத்துக்கும் முடியும். செலவுதான் கூடும். என்னைக் கேட்டால், அந்தச் செலவைத் தாராளமாகச் செய்யலாம். செத்த குளத்தை மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை.

மேட்டை வெட்டுகிற பக்கமும் ஆபத்து உண்டு. நாகர்கோவிலுக்கு மேற்கே ரயில் பாதை செம்மண் மேடுகளை வெட்டிக்கொண்டு போகிறது. 2021 நவம்பரில் கனமழை கொட்டியபோது அந்தப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து விழுந்தது. ரயில்கள் ரத்தாயின.

அடுத்த லீவுக்கு...

லீவுக்குத் திருநெல்வேலியில் இருந்து பகல் ரயிலில் வந்தால் தூங்கிவிடாதீர்கள். காற்றாலைகள் கூட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்துவிட்டது என்று அர்த்தம். மலை கொஞ்சம் விலகி வழிவிடும் இடம் அது. காற்று, ரோடு, ரயில் மூன்றுக்கும் அதுதான் வாசல்.

நாகர்கோவில் தாண்டியதும் சுசீந்திரம் பக்கம் கண்ணை நன்றாகத் திறந்து வையுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. நாரை, கொக்கு, வெளியூரில் இருந்து வரும் வாத்துகள் எல்லாம் அங்கே இறங்கும். ரயில் ஒரு மண் கரை மேல் போகும்போது, அடியில் தண்ணீர் போக எத்தனை சின்னப் பாலங்கள் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். தம்பி ஜன்னலோர சீட் கேட்டுச் சண்டை போட்டால், வலது பக்கத்தை அவனுக்குக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். இடது பக்கம் உங்களுக்கு.

எண்ணி முடிப்பதற்குள் கன்னியாகுமரி வந்துவிடும். அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது!