வந்தது கேன்சரா, மாத்திரையா?

உடம்பெல்லாம் சிவப்புத் திட்டு. அரிப்பு தாங்கல. விட்டு விட்டு ஜுரம். கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டியிருக்கு. தோலில் துளியூண்டு வெட்டி பயாப்ஸிக்கு அனுப்புறாங்க. 'லிம்ஃபோமா போல் தெரிகிறது' என்று ரிசல்ட் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வெள்ளையணுக்களில் வர்ற கேன்சர் பாஸ் அது!

ஆனா, க்ளைமாக்ஸ் வேற மாதிரியும் இருக்கலாம். வில்லன், ஆறு வாரத்துக்கு முன்னாடி நீங்க முழுங்க ஆரம்பிச்ச ஏதோ ஒரு மாத்திரையாக இருக்கலாம். இதுக்கு 'சூடோலிம்ஃபோமா'னு பேரு. சுருக்கமா, டூப்ளிகேட் லிம்ஃபோமா.

இதில் பழைய குற்றவாளி, வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின். வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு லிம்ஃபோமா மாதிரியே நெறிகட்டுவதை 1959-லேயே சால்ட்ஸ்டீன், ஆக்கர்மேன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். மருந்தைப் பார்த்து மிரண்ட டி-செல்கள் தோலுக்குள் படையெடுக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கேன்சர் செல் போலவே கோணல்மாணலா இருக்கும். ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது நிபுணர்களுக்கே கஷ்டம். அங்கேதான் காலண்டர் உதவுது. ப்ரோக்ராம் ஓடலைன்னா, 'கடைசியா எதை மாத்தினோம்?'னு நாங்க தேடுவோமே, அதே லாஜிக். சந்தேக மருந்தை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ எல்லாம் அடங்கிடும். அடங்கலைன்னா மறுபடி டெஸ்ட்.

லேடீஸ் ஹாஸ்டல் தோழிகளே, இது உங்களுக்கு! பீரியட்ஸ் வலிக்குப் போடுற மெஃபெனமிக் ஆசிட் மாத்திரையால் 'ட்ரெஸ் சிண்ட்ரோம்' வரலாம்னு, 2023 நவம்பர் கடைசியில் காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. சுடிதார் சமாச்சாரம் இல்லீங்க. ஜுரம், தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டு, சில சமயம் கல்லீரலும் காலி. பொதுவா மருந்து ஆரம்பிச்ச 2 முதல் 8 வாரத்துக்குள்ள வரும். இதுவும் பார்வைக்கு லிம்ஃபோமா வேஷம் கட்டும். ரொம்ப அபூர்வம்தான். ஆனா, வந்தால் உயிருக்கே ஆபத்து.

நம்ம பிரச்னை என்னன்னா, ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து, காகித கவரில் ரெண்டு மாத்திரை வாங்குற பழக்கம். கடலூரோ சிதம்பரமோ, இது ஒண்ணுதான். டாக்டர் பேர் கேட்டால், 'வெள்ளையா, ரவுண்டா இருக்கும் சார்' என்போம். அதை வைத்து அவர் என்ன கண்டுபிடிப்பார்? பேர் அச்சடிச்ச பகுதியை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைங்க.

அதுக்காக, வலிப்பு மாத்திரையை நீங்களே நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினால் வலிப்பு பலமா திரும்பும். டாக்டர்தான் வேறு மாத்திரைக்கு மாத்தணும். அதிலும், ஃபெனிடாயின் ஒத்துக்காதவங்களுக்கு கார்பமசெபைன், பினோபார்பிடோன் ரெண்டும்கூட ஒத்துக்காம போகலாம். பேரை எழுதி பர்ஸில் வைங்க.

மருந்தால் வந்த கோளாறை டாக்டர்தான் சொல்லணும்னு இல்ல. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் தரலாம். அப்புறம், ஒரு சின்ன விஷயம். சிதம்பரத்துல இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் இப்போ கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பேரை நம்பி கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிடாதீங்க. ஆஸ்பத்திரி அண்ணாமலை நகர்லயேதான் இருக்கு!