கர்ப்ப காலத்தில் எண்கள் ஏன் மாறுகின்றன?

எங்கள் மகப்பேறு புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் தாய்மார் பலரின் கையில் ஒரு பரிசோதனைத் தாள் இருக்கும். அதில் அவர்களுடைய இரத்தத்தின் அளவுகள் ஒரு பக்கமும், 'இயல்பு வரம்பு' என்று அச்சிடப்பட்ட எண்கள் மறுபக்கமும் இருக்கும். வரம்பைக் கடந்த எண் ஒன்று தடித்த எழுத்தில் தெரிந்துவிட்டால், மருத்துவரைக் காணும் முன்னரே வீட்டில் கவலை குடிகொண்டுவிடுகிறது. வேறு சில குடும்பங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. "எல்லாம் வரம்புக்குள்தானே இருக்கிறது" என்று தாளை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருகையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தேவையற்ற இந்த அச்சத்திற்கும் தகாத இந்த நிம்மதிக்கும் காரணம் ஒன்றே. தாளின் ஓரத்தில் அச்சிடப்படும் வரம்பு பெரும்பாலும் கருவுறாத பெரியவர்களை அளந்து வகுத்தது. கருவுற்ற பெண்ணின் உடலோ வேறொரு கணக்கில் இயங்குகிறது. அந்தக் கணக்கு எது, அது ஏன் மாறுகிறது என்பதை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம்.

மாற்றத்தின் ஊற்று

கர்ப்ப கால மாற்றங்களுள் பெரும்பாலானவை ஓர் உறுப்பிலிருந்து பிறக்கின்றன. அதனை நாம் நஞ்சுக்கொடி என்கிறோம். பெயரில் நஞ்சு இருப்பினும், ஒன்பது மாதமும் குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் தருவது அதுவே. தாயின் உடலுக்கு ஹார்மோன்கள் வழியே கட்டளை பிறப்பிப்பதும் அதுவே.

முதலில் வருவது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன். கரு கருப்பையில் பதிந்த சில நாள்களிலேயே இது இரத்தத்தில் தோன்றி, தொடக்க வாரங்களில் ஏறத்தாழ இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. வீட்டில் சிறுநீரைக் கொண்டு செய்யும் சோதனை கண்டறிவது இதனைத்தான். கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சூலகம் தொடர்ந்து சுரக்கும்படி செய்வது இதன் கடமை. ஏறத்தாழ பத்தாவது வாரத்திற்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. எச்.சி.ஜி. உச்சத்தை எட்டுவதும் ஏறக்குறைய அப்போதுதான். மசக்கை மிகுந்திருப்பதும் அதே வாரங்களில்தான். பெரும்பாலோருக்கு நான்கு, ஐந்து மாதங்களில் அது தணிந்துவிடுகிறது.

தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் வடிவத்தை எச்.சி.ஜி. ஓரளவு ஒத்திருக்கிறது. ஆகவே அதுவும் தைராய்டுச் சுரப்பியைச் சிறிது தூண்டுகிறது, டி.எஸ்.எச். அளவு குறைகிறது. முதல் மூன்று மாதங்களில் இந்த எண் வரம்புக்குச் சற்றுக் கீழே தென்படுவது பலருக்கு இயல்பே. அதற்கு மாறாக, டி.எஸ்.எச். உயர்ந்து காணப்பட்டால் அதனை நாங்கள் கவனமாகப் பார்க்கிறோம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனே துணை என்பது இதற்குக் காரணம்.

புரோஜெஸ்டிரோன் உடலின் மென்தசைகளைத் தளர்த்துகிறது. கருப்பை காலத்திற்கு முன் சுருங்காமல் இருப்பதற்கு இத்தளர்ச்சி தேவை. ஆனால் அதே தளர்ச்சி குடலையும் இரைப்பையின் வாயையும் பாதிப்பதால் மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் வருகின்றன. இவை தொல்லைதாம்; எனினும் பெரும்பாலும் நோயல்ல.

சர்க்கரை: மிகுந்த கவனம் வேண்டும் எண்

குழந்தையின் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே இரவும் பகலும் இடைவிடாது செல்கிறது. ஆகவே நலமான கர்ப்பத்தில், வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு கருவுறுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைகிறது.

கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு மேல் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் தசைகளும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்கு எளிதில் இணங்காதபடி செய்கின்றன. தாயின் உடல் குளுக்கோஸை விரைந்து எடுத்துக்கொள்ளாததால், உணவுக்குப் பின் அது இரத்தத்தில் சற்று நேரம் கூடுதலாகத் தங்குகிறது. குழந்தைக்குப் போதிய பங்கு கிடைக்கிறது. இறுதி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அதனை ஈடுசெய்யக் கணையம் முன்னைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது.

பெரும்பாலான தாய்மாரின் கணையம் இச்சுமையைத் தாங்கிக்கொள்கிறது. சிலருடைய கணையத்தால் இயலுவதில்லை. அந்நிலையே கர்ப்பகால நீரிழிவு. தாய் இனிப்பை மிகுதியாக உண்டதால் மட்டும் வந்த தண்டனையாக இதனைக் கருதுவது தவறு. வீட்டில் யாருக்கும் நீரிழிவு இல்லாத பெண்ணுக்கும், மெலிந்த உடல்வாகு உடையவளுக்கும் இது வரலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. அதனால்தான் எல்லாத் தாய்மாருக்கும் சோதனை செய்கிறோம்.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, இன்சுலின் கடப்பதில்லை. மிகுதியான சர்க்கரை குழந்தையை அடையும்போது, குழந்தையின் கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரக்க நேர்கிறது. அதன் விளைவாகக் குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கலாம், பிரசவம் கடினமாகலாம். பிறந்தவுடன் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட, குழந்தையின் இன்சுலின் மட்டும் உயர்ந்தே இருப்பதால், அதன் இரத்தச் சர்க்கரை சட்டென்று தாழவும் கூடும். உரிய காலத்தில் கண்டறிந்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். பலருக்கு உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியுமே போதுமானவை. சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும்.

இந்தியாவில் பின்பற்றப்படும் முறைப்படி, தாய் உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறோம். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்கிறோம். முதல் வருகையில் ஒருமுறை. அப்போது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்திற்குள் மறுமுறை. "முதலில் பார்த்தபோது ஒன்றுமில்லையே" என்று இரண்டாம் சோதனையைப் பலர் தவிர்க்க விரும்புகின்றனர். ஆனால் நஞ்சுக்கொடி ஹார்மோன்களின் வேகம் கூடுவதே அந்த வாரங்களில்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தாளின் ஓரம் தவறான நிம்மதியைத் தரும் இடம் இதுவே. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 100 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். தாயின் அளவு 96 என்றால் வீட்டார் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, கருவுற்றவருக்கு வெறும் வயிற்றில் 92-ஐ எட்டினாலே அது கர்ப்பகால நீரிழிவைக் குறிக்கும்.

கொழுப்பு: உயர்வது இயல்பு

கர்ப்பத்தின் முற்பாதியில் தாயின் உடல் கொழுப்பைச் சேமிக்கிறது. பிற்பாதியில் அந்தச் சேமிப்பைக் கரைத்துத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டு, குளுக்கோஸைக் குழந்தைக்கு விடுகிறது. ஆதலால் இரத்தத்தில் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் உயர்கின்றன. டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்காவதும் உண்டு. வேறொரு காரணத்திற்காக எடுத்த முழுப் பரிசோதனையில் இந்த எண்களைக் கண்டு அஞ்சிப் பத்தியம் தொடங்க வேண்டா. தாளை மருத்துவரிடம் காட்டினால் போதும்.

இதே காரணத்தால், கருவுற்றவர் நெடுநேரம் உண்ணாதிருந்தால் அவருடைய உடல் பிறரைவிட விரைவில் பட்டினி நிலையை அடைந்து, கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. முன்னிரவில் உண்டுவிட்டு மறுநாள் முற்பகல் வரை வெறும் வயிற்றோடு இருப்பதும், நாள் முழுதும் விரதம் இருப்பதும் இக்காலத்தில் ஏற்றவையல்ல. நோன்போ விரதமோ இருக்க விரும்புவோர் முன்கூட்டியே எங்களிடம் கலந்து பேசுமாறு வேண்டுகிறோம்.

இரத்தமும் சிறுநீரகமும்

கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு பெருகுகிறது. சிவப்பணுக்களும் பெருகுகின்றன, ஆயினும் அவ்வளவு இல்லை. அதனால் இரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் எண் இறங்குகிறது. தொடக்கத்தில் 12.5 இருந்தவருக்கு ஏழாம் மாதத்தில் 11.2 ஆவது எதிர்பார்க்கத்தக்கதே. பெண்களுக்குக் கீழ்வரம்பு 12 என்று தாள் கூறினும், கர்ப்பத்தில் பொதுவாக 11-க்குக் கீழே சென்றால்தான் இரத்தசோகை என்கிறோம். அதற்கும் கீழே இறங்கும்போது, "கர்ப்பத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்தின்போது ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்கும் வலிமையை அந்த எண்ணே காட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ சேர்த்து உண்டால் உடலில் சேர்வது குறையும். வேறு வேறு வேளையில் உண்பதே முறை.

சிறுநீரகங்கள் இக்காலத்தில் ஏறத்தாழப் பாதி மடங்கு கூடுதலாக இரத்தத்தை வடிகட்டுகின்றன. ஆகவே கிரியேட்டினின் அளவு குறைந்து, பொதுவாக 0.4-க்கும் 0.8-க்கும் இடையே நிற்கிறது. ஒரு தாயின் கிரியேட்டினின் 1.0 என்று வந்தால் தாள் அதனை இயல்பு என்றே சொல்லும். நாங்களோ மறுசோதனை செய்வோம். இதற்கு மாறாக, ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி உயர்ந்திருந்தால் தாள் எச்சரிக்கும். அந்நொதியின் ஒரு பகுதி நஞ்சுக்கொடியிலிருந்தே வருவதால், மற்ற கல்லீரல் எண்கள் சரியாக இருக்கும்வரை அதில் கவலைக்கு இடமில்லை. வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஓரளவு கூடுவதும் இத்தகையதே.

எவ்வளவு உண்பது?

"இரண்டு உயிருக்கும் சேர்த்து உண்ண வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது அன்பினால். ஆனால் இரண்டாவது உயிர் மிகச் சிறியது. முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு பெரிதும் தேவைப்படுவதில்லை. அதன்பின் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவை ஏறத்தாழ அவ்வளவைத் தந்துவிடும். சோற்றின் அளவை இரட்டிப்பாக்குவதைவிடப் பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கூட்டுவதே நன்று; குழந்தையின் உடல் கட்டப்படுவது புரதத்தால்.

எவை இயல்பல்ல?

இயல்பான மாற்றங்கள் இத்தனை இருப்பதால், எல்லாவற்றையும் இயல்பென்று எண்ணும் ஆபத்தும் உண்டு. கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த வருகை நாளுக்குக் காத்திராமல், இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்:

• இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருத்தல். தீராத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல்.
• தண்ணீரும் தங்காத அளவுக்கு வாந்தி, சிறுநீர் குறைதல்.
• இரத்தப்போக்கு, நீர் கசிதல், காய்ச்சல்.
• குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்.
• உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் மிகும் கடும் அரிப்பு. இது கல்லீரல் கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

பிரசவத்திற்குப் பின்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்களும் விரைவாக மறைகின்றன. இன்சுலினுக்கு இணங்காமை சில நாள்களிலேயே பெரிதும் நீங்கிவிடுகிறது. ஆகவே கர்ப்பகால நீரிழிவு இருந்த பலருக்குச் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்புகிறது. வீட்டில் அத்துடன் அது மறக்கப்பட்டும் விடுகிறது. ஆனால் கர்ப்பத்தின் சுமையைத் தாங்க இயலாத கணையம், பிற்காலத்தில் முதுமையின் சுமையையோ உடற்பருமனின் சுமையையோ தாங்கத் தடுமாறக்கூடும். ஆதலால் ஆறாவது வாரத்தில் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆறாவது வாரம் வரும்போது, தாயின் சோதனையையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். குழந்தையை எல்லோரும் கவனிக்கும் அந்த நாள்களில் தாயின் சோதனையை நினைவூட்டும் பொறுப்பைக் கணவரோ, தாயாரோ, மாமியாரோ ஏற்றுக்கொள்வது நலம்.

பரிசோதனைத் தாளைப் பெற்றவுடன் அதனைப் படிக்க வேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை, படியுங்கள். படித்தபின், 'கருவுற்று எத்தனையாவது வாரத்தில் எடுத்த அளவு இது?' என்பதைத் தாளிலேயே குறித்து, பழைய தாள்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் எந்த மாற்றம் கர்ப்பத்தின் இயல்பு, எது மருத்துவம் வேண்டுவது என்பது தெளிவாகும்.