குலோத்துங்கன் சோழனா, சாளுக்கியனா? அம்மா வழியில் வந்த அரியணையின் கதை

மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை தாண்டி வடக்கே போனால் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஏரியாவில் இருக்கும் இந்தக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். அவற்றில் இடம்பெறும் மன்னர்களில் ஒருவர் முதலாம் குலோத்துங்கன். சோழர் பேச்சு வந்தாலே சோஷியல் மீடியாவில் இவரை வைத்து ஒரு சண்டை கிளம்பும்: "அவர் சோழரே இல்லை, தெலுங்கு நாட்டு இளவரசர்!" அப்போ, உண்மை என்ன?

அப்பா யார்?

இன்றைய ஆந்திராவின் வேங்கி நாட்டை ஆண்ட கிழக்குச் சாளுக்கிய மன்னர் ராஜராஜ நரேந்திரன். நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவருடைய ஆதரவில்தான். ஆக, அப்பா வழியில் குலோத்துங்கன் சாளுக்கியர். இதில் சந்தேகமே இல்லை.

அம்மா யார்?

அம்மங்கை தேவி. கங்கைகொண்ட ராஜேந்திர சோழனின் மகள்.

ட்விஸ்ட் இங்கேதான். அப்பா ராஜராஜ நரேந்திரனின் அம்மா குந்தவை, ராஜராஜ சோழனின் மகள். ('பொன்னியின் செல்வன்' குந்தவை ராஜராஜனின் அக்கா. அவர் வேறு, இவர் வேறு.) நம்ம வீட்டு முறையில் சொன்னால், அம்மங்கை கட்டிக்கொண்டது அத்தை மகனை. அதனால் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன், குலோத்துங்கனுக்கு அப்பா வழியிலும் கொள்ளுத்தாத்தா, அம்மா வழியிலும் கொள்ளுத்தாத்தா!

கதை அதோடு முடியவில்லை. குலோத்துங்கன் மணந்த மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திர சோழனின் மகள். அதாவது சொந்த மாமன் மகள்.

அரியணை எப்படிக் கிடைத்தது?

1070-ல் இன்னொரு தாய்மாமனான வீரராஜேந்திரன் இறந்தார். அடுத்து வந்த அவர் மகன் அதிராஜேந்திரனும் சீக்கிரமே இறந்துபோனார். கலகத்தில் உயிரிழந்தார் என்கிறார் எதிர் முகாமான மேலைச் சாளுக்கிய அவைக் கவிஞர் பில்ஹணர். அவர் மரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் வேங்கி இளவரசர் சோழ அரியணையில் ஏறினார்.

பெயரிலேயே பதில்?

இவருடைய இயற்பெயர் ராஜேந்திரன். அம்மாவின் அப்பா பெயர்! பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் அதே வழக்கம். ஆட்சிக்கு வந்ததும் சோழர்கள் மாறி மாறிச் சூடிய ராஜகேசரி பட்டத்தைச் சூடினார். சில ஆண்டுகளில் 'குலோத்துங்கன்' ஆனார். குலத்தை உயர்த்தியவன் என்று அர்த்தம். எந்தக் குலத்தை? 'கலிங்கத்துப்பரணி' பாடிய ஜெயங்கொண்டார் சூரிய குலம், சந்திர குலம் இரண்டையுமே இவருக்குச் சொந்தமாக்குகிறார்.

வேறெங்கும் இப்படி நடந்ததா?

நடந்தது. மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவில் 1198-ல் மூன்று வயதுக் குழந்தை இரண்டாம் ஃபிரடெரிக் முடிசூடினார். அப்பா ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்றி. ஆனால் சிசிலி உரிமை வந்தது, அந்நாட்டு மன்னர் இரண்டாம் ரோஜரின் மகளான அம்மா கான்ஸ்டன்ஸ் வழியாக. அவரை 'ஜெர்மானியர்' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை போய்விடும்.

அப்போ அவர் யார்?

ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டார். 1077-ல் சீனாவுக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு போனது இவர் காலத்தில். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயரில் இருப்பது சோழன்தான், சாளுக்கியன் இல்லை.

அப்பா பெயரை மட்டும் வைத்து வம்சத்தை எழுதினால் இவர் சாளுக்கியர். குந்தவை, அம்மங்கை என்ற இரண்டு பெண்களையும் கணக்கில் எடுத்தால் சோழர். சண்டை உண்மையில் குலோத்துங்கனைப் பற்றியது இல்லை. வம்சம் என்றால் அதில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இடம் உண்டா என்பதைப் பற்றியது.