வயல் நண்டைப் பிடித்தபின் செய்ய வேண்டியது

அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டு நாற்று நட்டதும், குமரலிங்கம், கொழுமம், கல்லாபுரம் பகுதி வயல்களில் நண்டுத் தொல்லை தொடங்குவதை அறிவீர்கள். நண்டு வரப்பில் வளை தோண்டுவதால் தேக்கிய நீர் ஒரே இரவில் வடிந்து விடுகிறது. இளம் நாற்றையும் அடியில் கத்தரித்து விடுகிறது. ஆகவே நண்டைப் பிடிப்பதில் தவறில்லை. பிடித்த நண்டு குழம்புக்கும் ஆகும். ஆனால் அதைக் கொல்லும் முறையில் கவனம் வேண்டும்.

நண்டுக்கு வலி உண்டா?

நண்டு கத்தாது, ஆகவே வலி இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நண்டு இருட்டு வளையை நாடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் கடற்கரை நண்டுகளுக்கு 2 இருட்டு மறைவிடங்களைக் கொடுத்து, ஒன்றில் நுழைந்தால் மட்டும் இலேசான மின் அதிர்ச்சி தந்தனர். ஓரிரு முறை அடிபட்ட நண்டுகள் பெரும்பாலும் அந்த மறைவிடத்தை விட்டு மற்றொன்றுக்குச் சென்றன. வெறும் துடிப்பாக இருந்தால் இவ்வாறு நினைவில் வைத்து விலகாது.

கொதிநீரில் உயிரோடு போட்ட நண்டு உடனே இறப்பதில்லை. கால்களை ஒடித்தாலும் இறப்பதில்லை. நம்மைப்போல் அதற்கு ஒரே மூளை கிடையாது. முன்புறம் ஒன்றும் வயிற்றுப்புறம் ஒன்றுமாக 2 பெரிய நரம்பு முடிச்சுகள் உள்ளன. இரண்டும் அழிந்தால்தான் உணர்வு முற்றிலும் போகும்.

நஞ்சு வேண்டாம்

சோற்றில் பூச்சிமருந்து கலந்து வைப்பது நண்டை மெல்ல வதைக்கும். கொக்கும் வாத்தும் மீனும் சேர்ந்து மடியும். நஞ்சு தின்ற நண்டை அறியாமல் பிடித்துச் சமைப்போருக்கும் ஆபத்து. அதற்குப் பதிலாக, அகலவாய்ப் பானையை வாய் நிலமட்டத்தில் இருக்குமாறு புதைத்து, உள்ளே சிறிது கருவாடு போடுங்கள். இரவில் விழும் நண்டால் ஏற முடியாது. காலையில் தவறாமல் எடுத்து விடுங்கள். வளைகளை அடைத்து வரப்பைச் சேற்றால் பூசுங்கள்.

மரக்கச் செய்யும் முறை

1. வாளியில் 3 பங்கு உடைத்த ஐஸ், 1 பங்கு நல்ல தண்ணீர் கலந்து, நண்டு முழுதும் மூழ்குமாறு போடவும். உயிருள்ள கடல் நண்டாயின், தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு சேர்க்கவும்.

2. குறைந்தது 20 நிமிடம் விடவும். பின்னர் கண் காம்பைத் தொட்டுப் பார்க்கவும். கண் மடங்கினாலோ கால் இழுத்தாலோ மேலும் சிறிது நேரம் விடவும்.

3. முற்றிலும் மரத்தபின் மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி, அதன் அடியில் நடுவே கூரிய கம்பியால் ஆழக் குத்தவும். உடனே முன்புறம் கண்களுக்கு இடையிலும் குத்தவும்.

4. அதன் பின்னரே ஓட்டைப் பிரித்துக் கழுவிச் சமைக்கவும்.

இம்முறையில் நண்டு திமிறிக் கால்களை உதிர்ப்பது குறையும். கையைக் கடிக்கும் பயமும் இல்லை. காலையில் பனியன் கம்பெனி வண்டிக்குப் புறப்படும் அவசரத்தில் இது முடியாதுதான். விடுமுறை நாளில் சமைக்க வைத்துக் கொள்ளலாம். அதுவரை நண்டை ஈரச் சாக்கில் நிழலில் வைக்கவும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், மனிதன் தவிர்ந்த எந்த உயிரும் பிராணியே. உணவுக்காகக் கொல்வதை அது தடுக்கவில்லை. தேவையற்ற துன்பத்தையே தடுக்கிறது. சுவிட்சர்லாந்து 2018 முதல், கடல் சிங்கிறால் போன்றவற்றை மரக்கச் செய்யாமல் கொதிநீரில் போடுவதைத் தடை செய்துள்ளது.

நமக்குத் தேவை ஒரு வாளி ஐஸும் அரைமணி நேரமும்தான். வீட்டில் சமைப்பவரிடமும், நண்டு பிடிக்கப் போகும் பிள்ளைகளிடமும் இம்முறையைச் சொல்லிக் கொடுங்கள்.