போதகரின் செவி: கேட்டுப் பழகத்தக்க சில இசைப் படைப்புகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள ஒரு சிறு சபையில், சில ஆண்டுகளுக்கு முன் பெரிய வெள்ளி ஆராதனையை நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘இரத்தம் காயம் குத்தும்’ என்னும் ஞானப்பாட்டைச் சபையார் புத்தகம் பாராமலே பாடினர். ஆராதனை முடிந்தபின் மீனவ இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, இந்த மெட்டைக் கட்டினவர் யார்?” என்று வினவினார். இருபத்தைந்து ஆண்டுகளாக அப்பாட்டை அறிவித்து வந்த நாம் விடை அறியாது நின்றோம். அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் சபைகளில் இருவகை இசை வழங்குகிறது. ஒன்று, தரங்கம்பாடி மிஷனெரிமார் காலமுதல் ஐரோப்பிய மெட்டுகளோடு வந்த ஞானப்பாட்டு. மற்றொன்று, தமிழிசை மரபில் எழுந்த கீர்த்தனை. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. நம்மில் பலர் பாட்டின் எண்ணை மட்டும் அறிவித்துவிட்டு அவ்வரியைக் கடந்துபோகிறோம். அதனால் கீபோர்டில் எந்தத் தாளம் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பப் பாட்டின் நடை மாறுகிறது. துக்க வீட்டில் மெல்லப் பாடவேண்டியது அணிவகுப்புப் பாட்டுப்போல் ஒலிக்கிறது. எதை, எப்போது, எந்நடையில் பாடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஆயருடையது. நல்லிசையைக் கேட்டுப் பழகாத செவி அதனைச் செய்ய இயலாது. ஆகவே சாஸ்திரிய இசையைக் கேட்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமன்று, ஊழியப் பயிற்சியின் ஒரு பகுதியாகும் என்பது நம் துணிபு.

நம் வட்டாரத்தின் மரபு

இப்பயிற்சிக்குச் செங்கல்பட்டு வட்டாரத்தார் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையைச் சூழ்ந்து காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்தது. அதன் எல்லைக்குள்ளிருந்த மணலியில், செல்வந்தர் ஒருவரின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சில காலம் வாழ்ந்தது. அங்கிருந்தபோது ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டறிந்த தீட்சிதர், அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்து ஏறத்தாழ 40 சிறு பாடல்களை இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று வழங்கப்படும் அவற்றுள் ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரே வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்பது மரபு. மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள செய்யூரில் செங்கல்வராய சாஸ்திரியார் 19ஆம் நூற்றாண்டில் தெலுங்கிலும் வடமொழியிலும் கீர்த்தனங்கள் இயற்றினார். அந்நூற்றாண்டிலேயே ஸ்காத்லாந்து மிஷனெரிமார் தங்கள் சங்கீதப் பாட்டுகளோடு செங்கல்பட்டுக்கு வந்தனர். இருவகை இசையும் நம் மண்ணில் முன்பே சந்தித்திருக்கின்றன.

கேட்கும் முறை

பலவற்றை ஒருமுறை கேட்பதினும் ஒன்றைப் பலமுறை கேட்பதே நன்று. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு வாரம் ஒரே படைப்பைக் கேட்கவேண்டும். வேறு வேலை செய்துகொண்டு கேட்கலாகாது. முதல் இரண்டு நாள் மெட்டைமட்டும் பின்பற்றுக. பின்னர்ச் சொற்பொருளை அறிந்து கேட்க. இறுதியில் தாளத்தைக் கையால் எண்ணிக் கேட்க. இன்று கைப்பேசியிலேயே இப்பதிவுகள் கிடைக்கின்றன. தொடக்கமாக ஆறு பரிந்துரைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அவ்விளைஞரின் வினாவுக்கு விடையான மெட்டு. அதனை இயற்றியவர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்னும் செர்மானியர். 1601இல் வெளிவந்த அப்பாடல் ஒரு காதற்பாட்டு! பின்னர் அம்மெட்டு பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டுக்கு உரியதாயிற்று. யோகான் செபாஸ்தியான் பாக் (1685–1750) தம் ‘மத்தேயு பாடுகள்’ என்னும் பேரிசைப் படைப்பில் அதனை ஐந்து இடங்களில் அமைத்தார். முழுப்படைப்பும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீளும். ஆதலால் இவ்வைந்து இடங்களைமட்டும் முதலில் கேட்க. மெட்டு ஒன்றே, அதனோடு இணைந்தொலிக்கும் கீழ்க்குரல்கள் எல்லா இடங்களிலும் ஒன்றாய் இருப்பதில்லை. இயேசு உயிர்விட்டவுடன் வரும் ஐந்தாம் இடத்தில் அக்குரல்களின் நெருடலே துயரத்தைச் சொல்லுகிறது. 1727இல் அரங்கேறிய இப்படைப்பு பாக் மறைந்தபின் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. 1829இல் மெண்டல்சன் பெர்லினில் அதை மீண்டும் நிகழ்த்தினார். யூதர்மேல் இரத்தப்பழி சுமத்தக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய மத்தேயு 27:25உம் இதில் பாடப்படுகிறது. அவ்விடத்தை மனந்திரும்புதலோடு கேட்பது நம் கடமை.

இரண்டாவது, ஹாண்டலின் ‘மேசியா’. சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரமே ஹாண்டல் (1685–1759) பிறந்த ஊர். 1741இல் ஏறத்தாழ மூன்றரை வாரத்தில் எழுதப்பட்ட இப்படைப்பு 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது. அதன் வருவாய் கடனுக்காகச் சிறைப்பட்டோரை விடுவிக்கவும் மருத்துவமனைகளுக்கும் அளிக்கப்பட்டது. சார்லஸ் ஜென்னன்ஸ் தொகுத்த பாடற்பகுதி முழுவதும் திருமறை வசனங்களே. ஏசாயா 40இல் தொடங்கும் முதற்பாட்டையும், வெளி. 5ஐக் கொண்டு முடியும் இறுதிக் குழுப்பாட்டையும் கேட்க. சிலுவையின் செய்தியைப் பெரும்பாலும் தீர்க்கதரிசிகளையும் சங்கீதங்களையும் கொண்டே சொல்லும் இம்முறை பிரசங்கிகளுக்குப் பாடமாகும்.

மூன்றாவது, பைரவி இராகத்தில் இரண்டு. தீட்சிதர் (மறைவு 1835) காஞ்சி ஏகாம்பரநாதர்மேல் பாடிய ‘சிந்தய மாகந்த’ ஒன்று. சியாமா சாஸ்திரி (1762–1827) இயற்றிய பைரவி ஸ்வரஜதி மற்றொன்று. பின்னதில் எட்டுச் சரணங்களும் கீழ் ஸட்ஜம் தொடங்கி மேல் ஸட்ஜம்வரை ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்குகின்றன. இசை அறியாதாரும் அந்த ஏற்றத்தைச் செவியால் உணரலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், இராகம் என்பது மெட்டன்று, பல மெட்டுகளுக்குத் தாய் என்பதை விளங்கிக்கொள்வர்.

நான்காவது, தியாகராசரின் (1767–1847) கோவூர்ப் பஞ்சரத்தினம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவூரில் சகானா, கரகரப்பிரியா, பந்துவராளி, கலியாணி, சங்கராபரணம் என்னும் ஐந்து இராகங்களில் இவை அமைந்தன. சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை மேல்நாட்டு மேஜர் வரிசையை ஒத்தது. ஞானப்பாட்டில் பழகிய செவிக்கு அதுவே எளிய வாயில்.

ஐந்தாவது, நம் சொந்த வீட்டுச் செல்வம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மேற்கூறிய மூவர் காலத்தவர். அவரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துச்சென்ற சுவார்ட்ஸ் ஐயர் தமிழகக் கரையில் வந்திறங்கியது, பாக் மறைந்த அதே 1750 சூலையில்தான். சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ப் பாடல்களைத் தேர்ந்த பாடகர் வாயிலாகக் கேட்க. இம்மரபின் ஆராய்ச்சியை விரும்புவோர் கிறிஸ்தவ இசையறிஞர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தை நாடலாம்.

ஆறாவது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனங்கள். மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ ஒன்றையேனும் கேட்க. கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒடுக்கப்பட்ட பக்தன், உள்ளே வரலாமோ என்று கேட்கும் பாட்டு அது. கருநாடக இசையே பலருக்கு நெடுங்காலம் வாயில் அடைத்திருந்தது என்பதை மறைத்து நாம் அதனைப் புகழலாகாது. நம் சபையாருள் பலருடைய முன்னோர் நந்தனார் நின்ற இடத்திலேயே நின்றவர்கள். அப்பாட்டை நாம் கேட்கும்போது, நம் ஆலய வாயிலில் இன்று தயங்கி நிற்பவர் எவர் என்ற கேள்வியும் எழவேண்டும்.

ஓர் ஐயம்

சிவனையும் இராமனையும் காமாட்சியையும் போற்றும் பாடல்களைக் கிறிஸ்தவப் போதகர் கேட்கலாமா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான ஐயமே. 1 கொரிந்தியர் 8இல் அப்போஸ்தலன் காட்டும் நெறி இங்கு நமக்குப் போதுமானது: அறிவு வேண்டும், பலவீனமுள்ளவனின் மனச்சாட்சியைப் புண்படுத்தாத அன்பும் வேண்டும். ஆகவே எவரையும் கேட்கும்படி வற்புறுத்தலாகாது. அப்பாடல்களை வழிபாட்டில் புகுத்துவது நம் கருத்துமன்று. அதே வேளையில், “இது வெறும் இசைதானே” என்று அவற்றின் பக்தியை ஒதுக்குவதும் முறையன்று. அயலாருடைய செபவேளையில் அவர்கள் இல்லத்துக்குள் செல்ல நேர்ந்தால் எத்துணை மரியாதையோடு அமர்ந்திருப்போமோ, அத்துணை மரியாதையோடு கேட்போமாக. சாஸ்திரியார் அவ்விராகங்களில் பாடியே கிறிஸ்துவை அறிவித்தார்.

அடுத்த ஆண்டும் பெரிய வெள்ளியன்று அக்கடலோரச் சபைக்குச் சென்றோம். பாட்டை அறிவிக்குமுன் அதன் மெட்டின் வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொன்னோம். சபையார் அன்று சற்றே நிதானமாகப் பாடினர். முடிவில் அவ்விளைஞர் வந்து, “ஐயா, காதற்பாட்டின் மெட்டு சிலுவைப் பாட்டுக்கு ஆகுமென்றால், எங்கள் அம்பாப் பாட்டின் மெட்டும் ஆகுமா?” என்று கேட்டார். வலை இழுக்கையில் அவர் தந்தையார் பாடும் பாட்டு அது. இம்முறை நம்மிடம் விடை இருந்தது: “முதலில் அதை எமக்குப் பாடிக் காட்டுங்கள்.” அன்று மாலை கரையில் அமர்ந்து நெடுநேரம் அதனைக் கேட்டோம்.